400 மடங்கு, எந்தத் தண்ணீரில்?

மாமா மண்டோராக (கங்காணியாக) இருக்கும் செம்பனை நர்சரிக்கு ஒரு விற்பனையாளர் வந்து வெள்ளைத் தூள் பாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து ஒரு எண் என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 400. ஒரு கிராம் தூள் 400 கிராம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், கன்று நிற்கும் பிளாஸ்டிக் பையான பாலிபேக்கின் மண்ணில் கலந்துவிட்டால் மழையில்லாத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கன்றுக்கு விடும், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிற வேலை பாதியாகக் குறையும் என்று சொன்னாராம். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டியிருக்கிறார். ஒரு கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் தூளைப் போட்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றி, பேசி முடிப்பதற்குள் கோப்பையைக் கவிழ்த்திருக்கிறார். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. நர்சரியில் வேலை செய்கிற அக்காமார்கள் எல்லாரும் கூடி நின்று பார்த்தார்கள் என்று மாமா சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாக்கெட்டை என் கையில் கொடுத்து, "ஏன்டா, நீ இதைத்தானே மாஸ்டர்ஸ்ல படிச்சே? நெசமாவே 400 மடங்கு குடிக்குமா?" என்று கேட்டார். குடிக்கும் மாமா, ஆனா அவரு எந்தத் தண்ணிய ஊத்தினாரு என்று கேட்டேன். பாட்டில் தண்ணி என்றார். என்ன மூடி? வெள்ளை மூடி. மலேசியாவில் நெடுங்காலம் இருந்த வழக்கப்படி வெள்ளை மூடி போட்ட பாட்டில் என்றால் வடிகட்டிய குடிதண்ணீர், கலர் மூடி என்றால் தாது உப்புள்ள மினரல் வாட்டர். அந்த விற்பனையாளர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் காட்டியது உண்மை. வெள்ளை மூடித் தண்ணீரில் அந்தத் தூள் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் எங்கள் ஊரான ஊத்தான் மெலிந்தாங் பக்கத்தில் எந்தக் கன்றுக்கும் யாரும் வெள்ளை மூடித் தண்ணீர் ஊற்றுவதில்லை.

இந்தத் தூள் சோடியம் பாலிஅக்ரிலேட். நீளமான பாலிமர்ச் சங்கிலிகள், அவற்றை அங்கங்கே முடிச்சுப் போட்டுப் பிடித்திருக்கும் குறுக்குப்பிணைப்புகள், சங்கிலி நெடுக எதிர்மின்னூட்டம் கொண்ட கார்பாக்ஸிலேட் தொகுதிகள், அவற்றைச் சமன்செய்ய வலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும் சோடியம் அயனிகள். அந்தச் சோடியம் வெளியே ஓட முடியாது, ஓடினால் மின்னூட்டம் கணக்கு இடிக்கும். அதனால் உள்ளே அயனிச் செறிவு அதிகம், வெளியே சுத்தமான தண்ணீரில் ஒன்றுமே இல்லை. இந்த வித்தியாசத்தைக் குறைக்க வெளித்தண்ணீர் உள்ளே பாய்கிறது, வலை விரிகிறது, சங்கிலிகள் இதற்குமேல் நீள முடியாது என்று இழுத்துப் பிடிக்கும் இடத்தில் நிற்கிறது. வெளித்தண்ணீரிலேயே உப்பு இருந்தால்? உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைந்துவிடுகிறது, தண்ணீருக்கு உள்ளே போகக் காரணம் இல்லாமல் போகிறது. நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும் அதே தூள் 0.9 சதவீத உப்புநீரில் 30 முதல் 50 மடங்கு வரைதான் குடிக்கும். இதில் எந்தக் குறைபாடும் இல்லை, தரக்குறைவும் இல்லை. ஜெல் தன் சுற்றுப்புறத்துக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

குழந்தைகளுக்குக் கட்டும் பேம்பர்ஸுக்குள்ளும் இதே குடும்பத்துத் தூள்தான். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் தூளை வாங்கும்போது காய்ச்சி வடித்த தண்ணீரில் எத்தனை மடங்கு என்று கேட்பதில்லை. 0.9 சதவீத உப்புநீரில் எவ்வளவு, அதுவும் மேலே பாரம் வைத்து அழுத்தினால் எவ்வளவு என்று கேட்கிறார்கள். சிறுநீர் உப்பு, குழந்தை அதன்மேல் உட்காரும், ஆகவே அப்படித்தான் சோதிக்க வேண்டும். இத்தனைக்கும் இந்த அதிகம் உறிஞ்சும் பாலிமர்களின் கதை விவசாயத்திலும்தான் தொடங்கியது. 1970களில் அமெரிக்க விவசாயத் துறையின் பியோரியா ஆய்வுக்கூடத்தில் மாவுச்சத்தோடு பாலிமரை ஒட்டவைத்து உருவாக்கிய பொருள் மண்ணில் ஈரத்தை நிறுத்தவும் விதைகளுக்குப் பூசவும் முயன்று பார்க்கப்பட்டது. அப்புறம் அது பேம்பர்ஸுக்குப் போனது, அங்கே சோதனை முறைகள் கறாராகின. மண்ணுக்குத் திரும்பி வரும்போது மட்டும் வெள்ளை மூடித் தண்ணீர் எண்ணோடு வருகிறது. எனக்குப் பொறுக்காமல் இருப்பது இதுதான்.

செய்வதிலேயே ஊர் நுழைந்துவிடுகிறது

பினாங்கில் மாஸ்டர்ஸ் செய்தபோது நான் இரண்டு வகை ஜெல்களோடு வாழ்ந்தேன். ஒன்று அக்ரிலிக் அமிலத்திலிருந்து செய்வது, அமிலத்தன்மைக்கும் உப்புக்கும் பதில் சொல்வது. இன்னொன்று என்-ஐசோப்ரோப்பைல் அக்ரிலமைடிலிருந்து செய்வது, சூட்டுக்குப் பதில் சொல்வது. முதலாவதைச் செய்யும் விதம் எளிது. அக்ரிலிக் அமிலத்தைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை மெதுவாக ஊற்றி முக்கால் பங்குவரை சமன்செய்ய வேண்டும், வேகமாக ஊற்றினால் கொதித்து மேலே தெறிக்கும். குறுக்குப்பிணைப்புக்கு மெத்திலீன்பிஸ்அக்ரிலமைடு, மிகக் கொஞ்சம். அதைக் கூட்டினால் ஜெல் கெட்டியாகும், குடிப்பது குறையும். குறைத்தால் நிறையக் குடிக்கும், ஆனால் தொட்டால் கொழகொழவென்று கையோடு வரும். அதற்கப்புறம் நைட்ரஜன். கரைசலுக்குள் அரைமணி நேரமாவது நைட்ரஜன் குமிழ்களை விட்டுக் காற்றின் ஆக்சிஜனை விரட்ட வேண்டும், ஏனென்றால் வளர்கிற சங்கிலியின் நுனியை ஆக்சிஜன் பிடித்து நிறுத்திவிடும். அவசரப்பட்டால் சோதனைக் குழாயின் அடியில் ஜெல்லும் மேலே காற்று படுகிற இடத்தில் தண்ணியாக ஒரு அடுக்கும் நிற்கும். கடைசியாக அம்மோனியம் பெர்சல்ஃபேட் போட்டுச் சூடாக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. மோனோமர்கள் என்பவை பாலிமர்ச் சங்கிலியாகக் கோக்கப்படும் சின்ன மூலக்கூறுகள்; அக்ரிலமைடு போன்றவை நரம்பைத் தாக்கும். இவற்றை யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. கடையில் வாங்கிய தூளை ஊறவைத்து எடைபோடுவது வேறு, மோனோமரைக் கையாள்வது வேறு.

இரண்டாவது ஜெல்லை நைப்பாம் என்று ஆய்வுக்கூடத்தில் செல்லமாகக் கூப்பிடுவோம். அதற்கு ஒரு எல்லை உண்டு, 32 டிகிரி. 1968ல் டொரொன்டோவில் ஹெஸ்கின்ஸ், கியே என்ற இருவர் இந்தப் பாலிமரின் கரைசல் அந்தச் சூட்டுக்கு மேலே பால்போல் கலங்குவதை விளக்கி எழுதினார்கள். எல்லைக்குக் கீழே சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விரிந்திருக்கும். மேலே போனதும் தண்ணீரைக் கைவிட்டுத் தங்களுக்குள் ஒட்டிச் சுருங்கும். ஜெல்லாகக் கட்டியிருந்தால் கண்ணாடிபோல் இருந்தது வெளுத்து, தண்ணீரைக் கக்கிச் சின்னதாகும். குளிர்ந்தால் மறுபடி விரியும். இதைச் செய்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மோனோமர் பாலிமராக மாறுவது வெப்பத்தை வெளியிடும் வினை. குழாயைக் குளிரில் வைக்காவிட்டால் வினை நடக்கும்போதே உள்ளே 32 டிகிரியைத் தாண்டிவிடும், உருவாகிற சங்கிலிகள் உருவாகும்போதே சுருண்டு, வெள்ளையாய் ஒரே சீராக இல்லாத ஜெல் கிடைக்கும். அதனால் டெமெட் என்ற முடுக்கியைச் சேர்த்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்துத்தான் செய்வோம். குளிர்நாட்டில் எழுதிய செய்முறைகளில் மேசைமேல் அப்படியே வைத்துவிடலாம் என்று இருக்கும். ஏர்கான் இல்லாத மதியத்தில் நம் ஊரில் அப்படி வைத்தால் மேசையே எல்லையில் நிற்கிறது.

எடை போடும் கதையும் இதேதான். ஜெல் எவ்வளவு குடித்தது என்று கணக்கிட, ஊறிய எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்து, காய்ந்த எடையால் வகுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகூடச் செய்துவிடும் கணக்கு. ஆனால் அந்தக் காய்ந்த எடையைப் பிடிப்பது நம் ஈரக் காற்றில் பெரும்பாடு. சூட்டடுப்பில் எடை மாறாத வரை காயவைத்து, சிலிக்கா போட்ட மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, வெளியே எடுத்துத் தராசில் வைத்த நொடியிலிருந்து எண் ஏறத் தொடங்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை அது குடிக்கிறது, அதுதான் அதன் பிறவிக் குணம். மூடியுள்ள குப்பியில் வைத்துத்தான் எடை போட வேண்டும். காய்ந்த எடையில் சின்ன பிசகு வந்தாலும் மடங்குக் கணக்கு பெரிதாக ஆடும். ஊறிய ஜெல்லில் மேலே ஒட்டியிருக்கும் தண்ணீரை வடிதாளால் ஒற்றுவதிலும் ஆளுக்கு ஆள் கை வேறு. என் மேற்பார்வையாளர் ஒருவரே எல்லா மாதிரிகளையும் ஒற்ற வேண்டும் என்று விதியே வைத்திருந்தார். அப்போது கெடுபிடியாகத் தெரிந்தது. இப்போது அதே விதியை நான் நர்சரியில் மாமாவுக்குச் சொல்கிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு வெளுத்தது

மாஸ்டர்ஸ் முடித்து வீட்டுக்கு வரும்போது நைப்பாம் ஜெல் இருந்த சில குப்பிகளை, நன்றாகக் கழுவி, சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, மூடி, ஞாபகத்துக்காகக் கொண்டுவந்திருந்தேன். கூடத்தில் சாமிப்படத்துக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைத்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் அந்தக் குப்பிகள் எப்போதும் கண்ணாடிபோல இருந்தவை. சூட்டுத் தொட்டியில் இறக்கினால் வெளுக்கும், எடுத்தால் தெளியும், நான் சொன்னால்தான் மாறும். வீட்டில் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது பார்க்கிறேன், எல்லாமே வெள்ளை. நான் ஒன்றும் செய்யவில்லை. ஸிங்க் கூரை வீடு, மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, சுவரில் இருந்த வெப்பமானி 33 காட்டுகிறது. சாயங்காலம் மழை பெய்து காற்று குளிர்ந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் குப்பிகள் ஓரத்திலிருந்து தெளியத் தொடங்கியிருந்தன.

அம்மா இருபது வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆசிட் ஊத்தின பால் மாதிரி கட்டுது, ஆனா திரும்பி வந்துடுதே, எப்படி?" என்று கேட்டார். நல்ல கேள்வி, ஆய்வுக்கூடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மரத்தில் கட்டிய மங்கில் இருக்கும் ரப்பர் பாலில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பது அவற்றைச் சுற்றியுள்ள புரதமும் கொழுப்பும் தரும் எதிர்மின்னூட்டத்தால். ஃபார்மிக் ஆசிட் ஊற்றினால் அந்த மின்னூட்டம் அடங்கிப்போகும், துகள்கள் முட்டி, ஒட்டி, உள்ளிருக்கும் ரப்பர் ஒன்றாகக் கலந்துவிடும். கலந்த பின் அம்மோனியா ஊற்றினாலும் பிரியாது. அதனால்தான் அம்மோனியாவை முன்னாலேயே ஊற்றி வைக்கிறோம். ஜெல்லில் சங்கிலிகள் தங்கள் முடிச்சுகளை விட்டு எங்கும் போகவில்லை. சுருங்கினாலும் வலை வலையாகவே இருக்கிறது. தண்ணீர் போன வழியே திரும்பி வரலாம். இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவர், "அப்போ இது பகல்லாம் கட்டி, ராத்திரியெல்லாம் கரைஞ்சு, ஓய்வே இல்லாம கெடக்குது" என்றார்.

ஓய்வே இல்லாமல் கிடக்கிறது என்பது சரியான அவதானிப்பு என்று பிறகுதான் உறைத்தது. ஜெல் வெளுப்பது சீக்கிரம் நடக்கும், சுருங்கி முடிப்பது மெதுவாக நடக்கும். 1979ல் டோயோயிச்சி டனாகாவும் ஃபில்மோரும் காட்டியபடி, ஜெல் ஊறுவதற்கு ஆகும் நேரம் அதன் அளவின் வர்க்கத்தோடு கூடுகிறது. அளவை இரட்டிப்பாக்கினால் நேரம் நான்கு மடங்கு. சுருங்கும்போது இன்னொரு தொல்லையும் சேர்கிறது. வெளித்தோல் முதலில் இறுகி, உள்ளேயிருக்கும் தண்ணீருக்கு வழியை அடைத்துக்கொள்கிறது. ஆக, விரல் கனத்தில் இருக்கும் ஜெல் மதியம் சுருங்கத் தொடங்கி, முடிப்பதற்குள் சாயங்கால மழை வந்துவிடுகிறது. விரியத் தொடங்கி, முடிப்பதற்குள் மறுநாள் மதியம் வந்துவிடுகிறது. நம் ஊரில் பகல் 32, 33 வரை போய், இரவு 24 பக்கம் இறங்குகிறது. எல்லை நடுவில் இருக்கிறது. ஆய்வுக்கட்டுரைகளில் 25 டிகிரியில் விரிந்த நிலை, 40 டிகிரியில் சுருங்கிய நிலை என்று இரண்டு நேர்த்தியான எண்கள் இருக்கும். எங்கள் அலமாரியில் இருந்த ஜெல் அந்த இரண்டில் எதிலும் ஒருநாளும் இருந்ததில்லை.

நான் அதுவரை இந்த ஜெல்லை ஒரு சுவிட்ச் என்று நினைத்திருந்தேன். கட்டுரைகளும் அப்படித்தான் பேசும். டோக்கியோவில் டெருவோ ஒக்கானோவின் குழு இதைக் கொண்டு செய்த அழகான வேலை ஒன்று உண்டு. வளர்ப்புத் தட்டின் தரையில் மெல்லிய நைப்பாம் படலத்தை ஒட்டி, 37 டிகிரியில் செல்களை வளர்ப்பார்கள். பிறகு 20 டிகிரி பக்கம் குளிர்வித்தால் படலம் தண்ணீர் குடித்து, செல்கள் கிழியாமல் ஒரு விரிப்பாகக் கழன்று வரும். குளிர்வித்தல் என்ற படி அங்கே தட்டை வெளியே எடுத்து வைப்பதாலேயே பெரும்பாலும் நடந்துவிடும். நம் ஊரில் மின்சாரம் போன மதியத்தில் வெளியே எடுத்து வைத்தால் ஒன்றும் நடக்காது. பொருள் மாறவில்லை, வேதியியல் மாறவில்லை. சுவிட்ச் என்று நாம் பெயர் வைத்ததில் பாதி அந்த அறையின் வேலை. அதைப் பார்த்த பிறகு எந்த ஜெல்லைப் பற்றிய எண்ணையும் அது எடுக்கப்பட்ட தண்ணீரையும் சூட்டையும் சேர்க்காமல் என்னால் படிக்க முடிவதில்லை. மாமா பாக்கெட்டை நீட்டியபோது என் வாயில் முதலில் வந்தது மூடியின் நிறம் என்பதற்கு அந்த மதியம்தான் காரணம்.

இந்த எல்லையை நகர்த்தவும் முடியும். தண்ணீரை இன்னும் விரும்புகிற மோனோமர் ஒன்றைக் கொஞ்சம் கலந்து செய்தால் எல்லை மேலே போகும், தண்ணீரை வெறுப்பதைக் கலந்தால் கீழே வரும். இது நன்றாகத் தெரிந்த விஷயம், ஒரு மாலைக்குள் கணக்குப் போட்டுவிடலாம். உப்பும் எல்லையை நகர்த்தும் என்பதுதான் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. குறிப்பாக சல்பேட் உப்புகள் தண்ணீரைத் தங்கள் பக்கம் இழுத்து எல்லையைக் கீழே தள்ளும். நர்சரி உரங்களில் சல்பேட்டுக்குக் குறைவே இல்லை. சுத்தமான தண்ணீரில் 32ல் சுருங்குவது உரத்தண்ணீரில் அதற்கு முன்பே சுருங்கும். சூடும் உப்பும் தனித்தனிக் கேள்விகள் என்று பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயம் போட்டிருப்பார்கள். பாலிபேக்குக்குள் இரண்டும் ஒரே நேரத்தில்தான் வருகின்றன.

பாலிபேக்கிலிருந்து வடிந்த தண்ணீர்

ஆக, மாமாவிடம் வாங்கலாம் வேண்டாம் என்று ஒன்றும் சொல்லாமல், சோதித்துப் பார்ப்போம் என்றேன். தூளைச் சோதிக்கத் தொழிலில் இருக்கும் எளிய வழி டீ பேக் முறை. மெல்லிய நைலான் வலைத்துணியில் சின்னப் பைகள் தைத்து, எடைபோட்ட தூளை உள்ளே போட்டு, தண்ணீரில் தொங்கவிட்டு, எடுத்து, வடியவிட்டு, எடைபோட வேண்டும். தூள் இல்லாத வெறும் பை ஒன்றும் கூடவே நனைய வேண்டும், அதன் எடையைக் கழிக்க. அம்மாவே பைகளைத் தைத்துக் கொடுத்தார். தண்ணீர்தான் முக்கியம். வெள்ளை மூடி பாட்டில் ஒன்று, குழாய்த் தண்ணீர் ஒன்று, நர்சரித் தொட்டித் தண்ணீர் ஒன்று, பாரிட் (வடிகால் வாய்க்கால்) தண்ணீர் ஒன்று. பெர்ணம் ஆற்றில் கடலின் ஏற்ற இறக்கம் எங்கள் பக்கம் வரை தெரியும், மழை குறைந்த மாதங்களில் தாழ்ந்த நிலத்துப் பாரிட் தண்ணீர் நாக்கில் வைத்தாலே கரிக்கும். இவற்றோடு நான் பிடிவாதமாகக் கேட்டது இன்னொன்று, உரம் போட்ட பாலிபேக்கின் அடித்துளைகள் வழியாக வடிகிற தண்ணீர். ஜெல் வாழப்போவது அந்தத் தண்ணீரில்தான். மாமா தட்டுகளை அடியில் வைத்துக் காலையில் நீரூற்றிப் பிடித்துக் கொடுத்தார்.

வெள்ளை மூடித் தண்ணீரில் பாக்கெட் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்தது. விற்பனையாளர் சொன்னது சரிதான் என்று மாமாவிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். குழாய்த் தண்ணீரில் நன்றாகவே இறங்கியது. பாரிட் தண்ணீரில் இன்னும் இறங்கியது. பாலிபேக் வடிநீரில் வந்த பை கையில் எடுக்கும்போதே தெரிந்தது, கனமே இல்லை. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காரணம் உப்பு மட்டும் என்றால் புரிந்துகொள்ளலாம், ஆனால் இங்கே கீசரைட் இருக்கிறது. செம்பனை நர்சரியில் 15:15:6:4, 12:12:17:2 என்ற கலப்பு உரங்களோடு மெக்னீசியத்துக்காகக் கீசரைட்டும் போடுவது வழக்கம், அதாவது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியத்துக்கு இரண்டு மின்னூட்டம். ஒரு மெக்னீசியம் இரண்டு கார்பாக்ஸிலேட்டுகளைப் பிடித்துக்கொண்டால் அது உள்ளே ஒரு சோடியத்தை வெளியேற்றிவிட்டு உட்காருவதோடு நிற்பதில்லை, இரண்டு சோடியங்களை வெளியேற்றி, கூடவே இரண்டு சங்கிலிகளையும் சேர்த்துக் கட்டவும் செய்கிறது. சுண்ணாம்பிலிருந்து வரும் கால்சியம் இதை இன்னும் வலுவாகச் செய்யும். நாம் போட்ட குறுக்குப்பிணைப்புகளோடு மண்ணே தன் பங்குக்குப் புதிய முடிச்சுகளைப் போடுகிறது.

சாப்பாட்டு உப்புக் கரைசலிலும் கீசரைட் கரைசலிலும் தனியாக ஊறவைத்த பைகளை எடுத்து மறுபடி வெள்ளை மூடித் தண்ணீரில் போட்டுப் பார்த்ததுதான் மாமாவுக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கியது. வெறும் சாப்பாட்டு உப்புக் கரைசலில் ஊறிய பையைச் சுத்தத் தண்ணீருக்கு மாற்றி, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பகுதி திரும்பி வந்தது. உப்பு வெளியே கழுவப்பட்டுவிடும், வலை பழையபடி விரியும். கீசரைட் கரைசலில் ஊறிய பை திரும்பவில்லை. கொஞ்சம் பெருத்தது, அதோடு சரி. மழை பெய்து உரம் கழுவப்பட்டால் ஜெல் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் பொட்டாசியத்துக்கும் அம்மோனியத்துக்கும் அது ஓரளவு உண்மை. மெக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் மழைநீர் மட்டும் போதாது. இத்தனையும் பையில் சுதந்திரமாகத் தொங்கும் தூளுக்குத்தான். மண்ணுக்குள் அதன்மேல் பாரம் இருக்கிறது, எங்கள் கடலோரக் களிமண் ஈரத்தில் இறுகிப் பிடிக்கிறது, விரிய இடம் கிடைத்தால்தானே விரியும். பேம்பர்ஸ்காரர்கள் பாரம் வைத்துச் சோதிப்பதுபோல் நானும் பையை ஒரு குழாய்க்குள் வைத்து மேலே எடைக்கல் வைத்துப் பார்த்தேன், இருந்த கொஞ்சமும் குறைந்தது.

இதனால் ஹைட்ரோஜெல் விவசாயத்துக்கு உதவாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானே என் படிப்புக்குத் துரோகம் செய்ததாகும். உப்பைத் தாங்குகிற ஜெல்களைச் செய்ய வழிகள் உண்டு. கார்பாக்ஸிலேட்டுக்குப் பதில் சல்பொனேட் தொகுதிகளைக் கொண்ட மோனோமர்களைச் சேர்த்தால் மெக்னீசியம், கால்சியத்தின் பிடி தளரும். மின்னூட்டமே இல்லாத தொகுதிகளைக் கூட்டினால் சுத்தத் தண்ணீரில் குடிப்பது குறையும், ஆனால் உரத்தண்ணீரில் விழுவதும் குறையும். விளம்பரத்தில் போட அந்த எண் சிறியதாக இருக்கும், தோட்டத்தில் அது பெரியதாக இருக்கும். புதுடில்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செல்லுலோஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல்லைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம், அதை வறண்ட நிலத்தின் 40, 50 டிகிரிச் சூட்டில் நன்றாக உறிஞ்சும்படி வடிவமைத்திருக்கிறார்கள் என்பதுதான். எந்த மண், எந்த வெயில் என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பாலிமருக்குப் போயிருக்கிறார்கள். நம் செம்பனை நர்சரிக்கு, கீசரைட்டுக்கும் 33 டிகிரி மதியத்துக்கும் என்று யாராவது அப்படி உட்கார்ந்து செய்ய வேண்டும். ரப்பர் பாலின் வேதியியலை இந்த நாட்டில் எத்தனை ஆழமாகப் படித்திருக்கிறோம், எத்தனை தலைமுறை ஆய்வு அதில் இருக்கிறது. நர்சரி மண்ணில் போடும் ஜெல்லுக்கும் அந்த அக்கறை கிடைக்கலாம்.

விற்பனையாளருக்கு நானே போன் செய்தேன். மரியாதையாகவே பேசினார். 0.9 சதவீத உப்புநீரில் எத்தனை மடங்கு என்று கேட்டதும், தயாரிப்பாளர் கொடுத்த தொழில்நுட்பத் தாளைத் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த எண் அதில் இருந்தது, இரண்டாம் பக்கத்தில், 400க்கு ரொம்பக் கீழே. அவர்களிடம் எண் இருக்கிறது, அது பாக்கெட்டின் முன்பக்கத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். மெக்னீசியக் கரைசலில் எடுத்த எண் தாளில் எங்கும் இல்லை. அதை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தராவிட்டால் என் பைகளின் கணக்கை அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறேன்.

மாமா பெரிய நர்சரிப் பைகளுக்குத் தூள் வாங்கவில்லை. மண்ணின் மேல் செம்பனைக் கொட்டை ஓட்டைப் பரப்பி ஈரத்தைக் காக்கும் பழைய வழக்கத்தையே இந்த வருடமும் தொடர்கிறார். ஆனால் சின்னப் பையில் இருக்கும் இளங்கன்றுகளுக்கு உரம் குறைவு, கீசரைட் இன்னும் தொடங்கியிருக்காது, அங்கே போட்டுப் பார்க்கலாமா என்று அவராகவே கேட்டார். நல்ல யோசனை. ஒரு வரிசைக்குத் தூளோடு, பக்கத்து வரிசைக்குத் தூளில்லாமல், இரண்டுக்கும் ஒரே ஆள் ஒரே அளவு நீரூற்ற வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். வடிநீரை வாரம் தவறாமல் பிடித்துக் கொடுப்பதாக மாமா ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் தோட்டத்தில் யாராவது இந்தத் தூளைப் போட்டிருந்தால், என்ன உரம் போடுகிறீர்கள், எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் மடங்குக் கணக்கு மட்டும் வேண்டாம்.